கோடு போட்டது போதும், உருவம் எப்போது?

மே 27, வாசகர் கேள்வி

அண்ணாச்சி, என் மகளுக்குப் பத்து வயது. பாளையங்கோட்டையில் ஒருவரிடம் டிராயிங் வகுப்புக்குப் போகிறாள். மூன்று மாதமாகக் கோடு, வட்டம், கட்டம், அப்புறம் பென்சிலால் கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஏழு கட்டம் நிரப்புவது. இவ்வளவுதான். ஒரு பிள்ளையார்கூட வரையவில்லை. ஓவியம் என்றால் உருவம்தானே? அச்சு அசலாக இருக்கிறதா என்றுதானே பார்க்கிறோம்? கோடு, வடிவம், நிறம் என்று பிரித்துப் பேசுவதெல்லாம் உருவம் வராதவர்கள் சொல்லும் சாக்கு என்று எனக்குப் படுகிறது. தப்பா?

மே 27, இரவு

பாதி தப்பு. எந்தப் பாதி என்று நாளைக்குச் சொல்கிறேன். இங்கே கரண்ட் இல்லை.

மே 28

எனக்கு அப்போது 19 வயது. திருநெல்வேலி டவுனில் ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் போர்டு எழுதும் கடை. நான் அங்கே எடுபிடி. பிரஷ் கழுவுவது, பழைய தகரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, படம் பெரிதாக்கக் கட்டம் போடுவது. ஒரு நாள் ஓர் அம்மா இறந்துபோன கணவரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொண்டுவந்தார். பதினாறாம் நாளுக்குள் பெரிய படமாக வேண்டும். மாஸ்டருக்கு வேறு வேலை இருந்ததால் என்னை வரையச் சொல்லிவிட்டார்.

போட்டோ மேல் கட்டம், பலகை மேல் கட்டம், கட்டத்துக்குக் கட்டம் எண்ணி வரைந்தேன். பூதக்கண்ணாடி வைத்து மீசை முடியைக்கூடத் தனித்தனியாகப் போட்டேன். கண் இமையில் ஒரு மயிர் விடவில்லை. அந்த அம்மா வந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. ஆனா அவுக இல்லியே."

என் மூஞ்சி தொங்கிவிட்டது. மாஸ்டர் வந்து கண்ணைப் பாதி மூடிக்கொண்டு போட்டோவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "ஏலே, போட்டோவுல அந்தாளு கண்ணு உனக்குத் தெரிஞ்சுதா? தெரியாததை எதுக்குல வரையுத?" என்றார். அப்புறம்தான் பார்க்கிறேன்: வெயிலில் எடுத்த போட்டோ அது. புருவத்துக்குக் கீழே இரண்டும் இருட்டுக் குழி. எனக்குத் தெரியாத இமையை எல்லாம் நானாகவே கற்பனை செய்து போட்டிருந்தேன். மாஸ்டர் டர்பன்டைன் துணியால் அதைத் துடைத்து, புருவம், இமை, கண் எல்லாவற்றையும் ஒரே நிழலாக இழுத்துவிட்டார். பிறகு கழுத்து. போட்டோவில் தலை இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. போட்டோகிராபர் செய்த பிழை என்று நினைத்து நான் நிமிர்த்தி வைத்திருந்தேன். அவர் ஒரே கோட்டில் அதைத் திரும்பச் சாய்த்தார்.

எல்லாம் கால் மணி நேர வேலை. மீசையை அவர் தொடவே இல்லை. சாயங்காலம் அந்த அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தம்பி, உங்கள் மகள் நிரப்புகிற ஏழு கட்டம் அந்தப் புருவ நிழல்தான். எழுபது கட்டம் கொடுத்தாலும் நிரப்பட்டும்.

மே 28, கொஞ்ச நேரம் கழித்து

"எழுபது" என்றது கோபத்தில் வந்தது. ஏழு போதும்.

மே 30

இதற்குள் வேறொருவர் சண்டைக்கு வந்துவிட்டார். கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் கர்ணன் சிலையில் நகமும் நரம்பும் தெரிகின்றனவே, நுணுக்கம்தானே அங்கே பேசுகிறது என்கிறார்.

தெரிகின்றன, மறுக்கவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் பஸ் ஏறினால் அரை மணி நேரம்தான், நாயக்கர் காலத்து வேலை. நாற்பது தடவையாவது போயிருப்பேன். ஆனால் நகத்தைப் பார்க்க நீங்கள் எப்போது கிட்டே போனீர்கள்? பத்தடி தள்ளி நிற்கும்போதே அந்தச் சிலை உங்களைக் கூப்பிட்டுவிட்டது. இளவரசனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற குறத்தியைப் பாருங்கள். தலையிலிருந்து கால்வரை ஒரே வளைவு, நடுவில் இடுப்பில் ஓர் ஒசிவு. பாரம் சுமக்கிறாள் என்பதை அந்த வளைவே சொல்லிவிடுகிறது. நகம் இல்லாமல் செதுக்கியிருந்தாலும் அவள் தூக்கிக்கொண்டுதான் போயிருப்பாள். வளைவு இல்லாமல் நகம் மட்டும் இருந்தால், தோளில் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவுதான். தலை, இடுப்பு, கால் என்று மூன்று இடத்தில் ஒசிந்து நிற்பதற்கு ஸ்தபதிகள் திரிபங்கம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கோட்டுக்கு வைத்த பெயர் அது.

இன்னொன்று. செல்போன் டார்ச்சைச் சிலைக்கு நேராகப் பிடித்தால் சிலை அப்பளமாகிவிடும். அதையே பக்கத்தில் கொண்டுபோய்ச் சாய்வாகப் பிடித்தால் நரம்பு எழுந்து நிற்கும். கல் அதேதான். நிழல் விழுந்ததால்தான் நரம்பு தெரிந்தது.

சிலைகளில் அச்சு அசல் என்பதும் அவ்வளவு சரியில்லை. மனிதன் ஏழரைத் தலை உயரம். சாமி சிலைக்கு உத்தம தசதாளம், அதாவது பத்துத் தலை. ஊரில் யார் பத்துத் தலை உயரம் இருக்கிறார்?

ஜூன் 1

மேலே கடைசிப் பத்தியில் உளறிவிட்டேன். ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் உறைத்தது.

தாளம் என்பது தலை அளவு இல்லை, முக அளவு. நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை. அது 12 அங்குலம். இந்த அங்குலம் நம் டேப்பில் இருக்கிற அங்குலம் இல்லை, சிலைக்குச் சிலை மாறுகிற அளவு. உத்தம தசதாளத்தில் மொத்த உயரம் 124 அங்குலம். நான் சொன்ன ஏழரை, உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளந்த கணக்கு. இரண்டையும் கலந்து கூழாக்கிவிட்டேன். முகத்தை வைத்து அளந்தால் சாதாரண மனிதனே ஒன்பது, பத்து முக உயரம் வருகிறான். ரோமாபுரிக் கட்டடக் கலைஞர் விட்ருவியசும் முகம் உடம்பில் பத்தில் ஒரு பங்கு என்றே எழுதி வைத்திருக்கிறார். ஆகவே பத்துத் தாளச் சாமி நம் உயரக் கணக்கிலிருந்து அதிகம் விலகவில்லை.

முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் "சாமி பத்துத் தலை உயரம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களில் சிலர் இப்போது என்ஜினியர். பாலம் கட்டாத என்ஜினியராக இருக்கட்டும்.

ஜூன் 1, இரவு

கர்ணன் சிலைக்காகச் சண்டைக்கு வந்தவர் விடவில்லை. அவுட்லைன் போட்டுப் படிப்பதே வெள்ளைக்காரன் பாடம் என்கிறார். நெடுநல்வாடையில் நகை எல்லாம் கழற்றிவிட்டுத் தலைவனை நினைத்துப் படுத்திருக்கும் அரசியைப் "புனையா ஓவியம்" என்று சொல்லியிருக்கிறது. நிறம் பூசாத, கோடு மட்டும் போட்ட படம். அதற்கு நம்மிடம் சொல் இருந்தது என்றால் பொருளும் இருந்தது. இதற்கு மேல் இதில் வாதம் வேண்டாம்.

ஜூன் 4

நிறம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரு கடன் கதை உண்டு.

நான் தனியாகப் போர்டு எழுத ஆரம்பித்த புதிதில் ஒரு கடைக்குப் பச்சைத் தரையில் சிவப்பு எழுத்தில் எழுதினேன். கிட்டே நின்றால் அள்ளிக்கொண்டு போகும். எழுத்து துடிக்கும். மாட்டிவிட்டு எதிர்ச்சாரிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன், கடை பெயர் இல்லை! பச்சைப் பலகை ஒன்று தொங்குகிறது, அதில் என்னவோ அழுக்கு மாதிரி. கடைக்காரர் பாதிப் பணம் கொடுத்தார். மீதியைக் கேட்டதற்கு, "பாதிதானே தெரியுது" என்றார்.

சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறம், உண்மை. ஆனால் நான் எடுத்த சிவப்பும் நான் எடுத்த பச்சையும் ஒரே அளவு அடர்த்தி. இப்போது என்றால் போனில் போட்டோ எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: இரண்டும் ஒரே சாம்பல். தூரத்தில் எழுத்தைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் வெளுப்பு கறுப்பு வித்தியாசம்தான். மஞ்சளில் கறுப்பு, கறுப்பில் மஞ்சள், நீலத்தில் வெள்ளை என்று பழைய போர்டுக்காரர்கள் எழுதினது அழகுக்கு மட்டுமில்லை, பஸ்ஸில் போகிறவன் வாசிக்க வேண்டுமே.

திரும்பவும் அந்த ஏழு கட்டம்தான், தம்பி.

ஜூன் 5

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். அந்தப் போர்டைச் சாயங்காலம் ஏழு மணிக்கு, தெருவிளக்கு போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ப் பார்த்தேன். வாசிக்க முடிந்தது! சிவப்பு கறுத்துப்போய்ப் பச்சை வெளிறி எழுத்து பளிச்சென்று நின்றது. வெளிச்சம் குறையும்போது நம் கண்ணில் வேலை செய்கிற செல்கள் வேறு. அவற்றுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. பச்சையும் நீலமும் பரவாயில்லாமல் தெரியும். பர்கின்யே என்கிற செக் நாட்டு மருத்துவ அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்திருக்கிறார். வாசலில் செம்பருத்தி இருந்தால் இன்றைக்கு அந்தி நேரத்தில் பாருங்கள், பூ கரியாகிவிடும், இலை மட்டும் தெரியும்.

தினமும் பத்து நிமிஷம் நன்றாகத் தெரிகிற போர்டு அது. இதைச் சொல்லி மீதிப் பணம் கேட்க அப்போது எனக்குப் புத்தி போகவில்லை.

ஜூன் 9

உருவம் இல்லாவிட்டால் ஓவியமே இல்லை, கலையே இல்லை என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். நீர் எந்த ஊர்? நம் பக்கத்து ஆள் என்றால் சுடலைமாடன் பூடத்தைப் பார்க்காமல் வளர்ந்திருக்க முடியாதே.

எங்கள் ஊர்ப் பூடம் ஆள் உயரம். செங்கல் கட்டி, சாந்து பூசி, அடி அகன்று மேலே கூம்பிப் போகும். மேலே சுண்ணாம்பு, அதில் காவிப் பட்டை. கண் இல்லை, மூக்கு இல்லை, கை இல்லை. சின்னப் பிள்ளையில் அந்த வழியாக ராத்திரி போக எனக்குப் பயம். முகமே இல்லாத ஒன்று நம்மைப் பார்க்கிறது என்று எப்படித் தோன்றியது? கூம்பு வடிவம் நிலத்தில் அழுந்தி உட்கார்ந்திருக்கிறது, அசைக்க முடியாது என்று உடம்புக்குத் தெரிகிறது. இருட்டில் அந்த வெள்ளை மட்டும் மிதக்கிறது. நட்டநடுக் காட்டில் நேராக நிற்கிறது. வடிவம், நிறம், இடம், இந்த மூன்றைக் கொண்டே ஆளைப் பயமுறுத்திவிட்டான் மாடன்.

கொடை அன்றைக்கு மட்டும் பூடத்தில் சந்தனம் அப்பி, முகம் பிடித்து, கண் வைத்து, மீசை முறுக்கி விடுவார்கள். எல்லோரும் அப்போதுதான் கிட்டே போய்ப் பார்ப்பார்கள். எனக்கு அன்றைக்குத்தான் பயம் போய்விடும். மீசை வைத்த மாடன் எங்கள் பெரியப்பா மாதிரி இருப்பான்.

ஜூன் 10

பெரியப்பா மகன் படித்துவிட்டு போன் பண்ணினான். மாடனுக்கு மீசை அழகு என்கிறான். சரிடா.

ஜூன் 14

பத்தமடைப் பாய் பற்றி ஒருவர் எழுதியதற்குப் பதில். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பொண்ணு பெயர் நெய்து கொடுப்பார்கள். அதை எடுத்துவைத்துப் பக்கத்தில் பாருங்கள். தறியில் குறுக்கும் நெடுக்கும் தவிர வேறு வழி கிடையாது. சாய்கோடு வேண்டுமென்றால் படிப்படியாகத்தான் ஏற வேண்டும். நம் எழுத்தோ சுழியும் வளைவும். 'இ' போடுவதற்குள் நெய்கிறவர் கண் பிதுங்கிவிடும். கோரையை எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவுக்குப் படி சிறுத்து, தள்ளி நின்றால் வளைவாகத் தெரியும். முரட்டுக் கோரையில் அதே எழுத்து மாடிப்படி மாதிரி இருக்கும்.

கம்ப்யூட்டர் திரையில் எழுத்து உண்டாகிற கணக்கும் இதுதான். தாமிரபரணிக் கரையில் கோரையை ஊறப்போட்டு இதை எப்போதோ முடித்துவிட்டார்கள்.

ஜூன் 15

சாரல் தொடங்கிவிட்டது. அம்பாசமுத்திரம் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். தலைப்புக்குச் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கோடையில் அந்தச் சாலையில் போனால் கிட்டே இருக்கிற குன்று பச்சை, அதற்குப் பின்னால் நீலப்பச்சை, அதற்கும் பின்னால் பொதிகை வெறும் வெளிர் நீலக் காகிதம் மாதிரி ஒட்டியிருக்கும். நடுவில் இருக்கிற காற்றும் தூசியும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் தூரத்துக் கறுப்பெல்லாம் நீலமாக வெளுத்துப்போகிறது. இன்றைக்கு ஒரு மழை பெய்து வெறித்ததும் மலை எழுந்து நாலு மைல் முன்னால் வந்து நிற்கிறது! மரம் மரமாகத் தெரிகிறது. பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த ஆச்சி, "மலை கிட்ட வந்துட்டு, இன்னும் மழை இருக்கு" என்றார்.

மலை தூரத்தில் இருப்பதாகக் காட்ட அதைச் சின்னதாக வரைந்தால் போதும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சின்னதாக வரைந்து அடர்ந்த பச்சை அடித்தால் அது மலையாக இருக்காது, வரப்பு ஓரத்துப் புதராகத்தான் இருக்கும். பெரிதாகவே வரைந்து வெளுக்க விடுங்கள், தானாகப் பின்னால் போய்விடும்.

ஜூன் 20

காலண்டர் படத்தை யாரோ கேலி செய்திருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போய், 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். கோவில்பட்டி அப்போது நம் ஜில்லா. அவரும் அவருடைய சிஷ்யர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின. எங்கள் வீட்டு அரிசிப் பானைக்கு மேலே லட்சுமியாக இருந்ததும் அந்த வகைப் படம்தான்.

தொழில் படித்துவிட்டு வந்த திமிரில் நான் அதைப் பார்த்து அம்மாவிடம் கேட்டேன்: "வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருது? மூக்குக்கு இந்தப் பக்கமும் நிழல் இல்லை, அந்தப் பக்கமும் நிழல் இல்லை. தப்பான படம்." அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாதி மூஞ்சி இருட்டா இருந்தா யாரு வெளக்கேத்துவா?" என்றாள்.

எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று. கன்னத்தில் உருட்டு இருக்கிறது, கையில் உருட்டு இருக்கிறது, அதற்கு வேண்டிய அளவு நிழல் போட்டிருக்கிறார்கள். ஆனால் முகத்தைக் கூறு போடுகிற நிழலை வேண்டுமென்றே விலக்கியிருக்கிறார்கள். நேர்முகம், பின்னால் ஒளிவட்டம், இரண்டு பக்கமும் யானையோ பூவோ சமமாக. அறையில் எங்கே நின்றாலும் அவள் நம்மைப் பார்க்கிற மாதிரி. பின்னால் குளமும் மலையும் மட்டும் நாடகத் திரை போல வெளுத்து ஓடும்.

மே 28-ல் புருவ நிழல்தான் ஆளைக் கொடுத்தது என்று எழுதினேன் அல்லவா? அந்த விதியை இங்கே கொண்டுவந்தால் லட்சுமி போய்விடுவாள். இறந்த மனிதருக்கு வெயில் வேண்டியிருந்தது, இவளுக்கு வேண்டாம். ஆகவே, "அச்சு அசலுக்கு நிழல்தான் உயிர்" என்று நான் இத்தனை நாள் வகுப்பில் சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

ஜூன் 23

கேள்வி கேட்ட தம்பிக்கு. முதல் நாள் "பாதி தப்பு" என்றேன், மறுபாதியைச் சொல்லாமல் ஊர் சுற்றிவிட்டேன்.

சரியான பாதி இது: மூன்று மாதம் வெறும் கோடு என்பது பத்து வயதுக்கு அதிகம். அந்த மாஸ்டர் செய்வது தப்பில்லை, ஆனால் எதற்கு என்று பிள்ளைக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. எங்கள் காலத்தில் அரசு டிராயிங் பரீட்சைக்கு லோயர், ஹையர் என்று ஃப்ரீஹேண்ட் அவுட்லைனும் மாடல் டிராயிங்கும் போட்டுப் போட்டு விரல் காய்த்தது. ஒரு ஜாடியின் இடது பாதிக்கு வலது பாதி ஒத்துவர வேண்டும். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. பாதிப் பேர் ஓடிவிட்டார்கள்.

வீட்டில் இதைச் செய்யுங்கள். ஓர் எவர்சில்வர் குடத்தைத் தரையில் வைத்து, அவளை நாற்காலியில் உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லாப் பிள்ளைகளும் வாயை முழு வட்டமாகவும் அடியைத் தட்டைக் கோடாகவும் போடும். வாய் வட்டம் என்றும் அடி தரையில் படிகிறது என்றும் அதற்குத் தெரியும், தெரிந்ததைப் போடுகிறது. நான் இமை போட்ட மாதிரி. அப்புறம் குடத்தை எழுப்பி அவள் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வாய் நசுங்கி நசுங்கி ஒரு கோடாகிவிடும். திரும்ப மெல்ல இறக்குங்கள், வாய் திறக்கும். கண்ணுக்குக் கீழே போகப் போக அந்த முட்டை வட்டம் அகலும். ஆகவே அடி வளைவு வாயைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உருண்டிருக்கும். இதை ஒரு தடவை பார்த்துவிட்டால் மறுநாள் வகுப்பில் வட்டம் போடச் சொன்னால் அலுத்துக்கொள்ள மாட்டாள்.

பிள்ளையார் வரையட்டும், தடுக்க வேண்டாம். அவரே இரண்டு வட்டமும் ஒரு வளைகோடும்தான்.

ஜூலை 2

கேள்வி கேட்ட தம்பி, தன் மகள் வரைந்த தாத்தா படத்தை அனுப்பியிருக்கிறார். மூக்கு கோணல் என்று அவரே வருத்தப்பட்டும் எழுதியிருக்கிறார்.

கோணல்தான். ஆனால் சாரத்தை மடித்துக் கட்டி, ஒரு கையைப் பின்னால் முதுகில் வைத்து, வலது காலில் பாரம் போட்டு நிற்கிறாரே, அந்த நிற்பை யார் சொல்லிக் கொடுத்தது? முதுகுக் கோடு ஒரே இழுப்பு, அழிரப்பர் படவில்லை. ஒன்று செய்யுங்கள். முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு உங்கள் அம்மாவிடம் காட்டி யார் என்று கேளுங்கள்.

ஜூலை 3

கேட்டீர்களா?

ஜூலை 3, இரவு

நல்லது. "கேக்கவே வேண்டாம், இந்த மனுசந்தான்" என்று சொன்னார்களாமே.

இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் செருப்பு இடது வலது மாறிக் கிடக்கிறது. திருத்தச் சொல்லுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள், பெரியவர் மாற்றிப் போடுகிறவரா?